நேர்மையான அலுமினிய வேலி

"அப்படின்னா இது வேலியா?"

"ஆமா."

"படிவத்துல 'எல்லை உணர்த்தி'ன்னு ஒரு கட்டம் இருக்கு. 'பார்வை வடிப்பான்'னு ஒண்ணு இருக்கு. வேலின்னு கட்டமே இல்லையே சார்."

"தம்பி, நான் கேக்கறது வேலிதான். ஆள் தாண்டிப் போயிரக் கூடாது. அவ்வளவுதான்."

"தாண்டிப் போகக் கூடாதுன்னா அது தடுப்பு." இளைஞன் குரலைத் தாழ்த்தினான். "தடுப்புன்னு மட்டும் எழுதிராதீங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன். எல்லை உணர்த்தின்னே போடுங்க. குழு பாத்துக்கும்."

ரூலோஃப் டாம்மிங்கா எல்லை உணர்த்தி என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார். முப்பத்துநான்கு வருஷம் பேருந்து ஓட்டியவர். போடச் சொன்ன இடத்தில் கோடு போடுவதும் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்துவதும் அவருக்குப் பழக்கம். கட்டத்தைக் காட்டிய இளைஞன் யோரிட், நகராட்சியின் அழகியல் ஒழுங்குக் குழுவுக்குச் செயலாளர். எங்கள் ஊரில் யாரும் வீட்டு வாசற்கதவுக்கு வேறு நிறம் அடிக்க நினைத்தாலும் முதலில் யோரிட்டின் கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால்தான் வந்து நிற்க வேண்டும்.

ரூலோஃப்பும் அவர் மனைவி யெல்லியும் அந்த வருஷம் வசந்தத்தில்தான் நீர்விளிம்புப் பேட்டைக்குக் குடிவந்திருந்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு வெள்ளை வீடுகள். தட்டைக் கூரை, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, பின்புறம் பதினோரு மீட்டர் புல்வெளி, அது முடியும் இடத்தில் கால்வாய். விற்பனைப் புத்தகத்தின் அட்டையில் 'எல்லைகளற்ற வாழ்வு' என்று அச்சிட்டிருந்தார்கள். ரூலோஃப் அந்த வீட்டை வாங்கியது அதில் மாடிப்படி இல்லை என்பதற்காக. யெல்லிக்கு அறுபத்தேழு வயது. மூன்று வருஷமாக அவளுடைய நினைவு ஒவ்வொரு அறையாக விளக்கணைத்துக்கொண்டு வந்தது. ஒரே ஓர் அறையில் மட்டும் விளக்கு எரிந்தது. அந்த அறையில் அவள் இன்னமும் நகர நீச்சல்குளத்தின் ஆசிரியை. காலை ஒன்பதரைக்குக் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "பசங்க காத்துக்கிட்டு இருப்பாங்க" என்று புறப்பட்டுவிடுவாள். புறப்பட்டால் நேரே கால்வாய். தண்ணீருக்குள் போவது அவள் உடம்புக்கு நினைவிருந்தது. வெளியே வருவதுதான் நினைவில்லை. செப்டம்பரில் ஒருநாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தவளைத் தபால்காரப் பெண் இழுத்துக் கரைசேர்த்தாள்.

கதவைப் பூட்டலாம் என்று மருத்துவர் சொன்னார். ரூலோஃப் ஒருநாள் பூட்டிப் பார்த்தார். யெல்லி இரண்டு மணிநேரம் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு நின்றாள். மறுநாளிலிருந்து அவர் பூட்டவில்லை.

வேலி வாங்குவதற்காக மூன்று சனிக்கிழமைகள் அலைந்தார். மரம் தண்ணீரோரத்தில் நாலு வருஷத்தில் மக்கிவிடும். இரும்பு துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் முதல் புயலில் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். கடைசியில் அலுமினியம் என்று முடிவானது. ஒரு மீட்டர் இருபது உயரம், நிற்கும் கம்பிகள் மட்டும், கால் வைத்து ஏறக் குறுக்குச் சட்டம் கிடையாது, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் நாலு விரல். வெளிப்பக்கமிருந்து மட்டும் திறக்க முடிகிற தாழ்ப்பாளோடு ஒரு சின்னக் கதவு. கடைக்காரர் கம்பியைத் தட்டிக்காட்டி, "இதப் போட்டுட்டு அப்படியே மறந்துரலாம்ணே" என்றார். ரூலோஃப்புக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. வேலி பிடித்திருந்தது.

அழகியல் ஒழுங்குக் குழு மாதத்தின் மூன்றாம் வியாழக்கிழமை கூடும். நகராட்சிக் கட்டடத்தின் மூன்றாம் மாடி, வட்ட மேசை. காபி வரும். தகர டப்பா திறக்கும். ஆளுக்கொரு பிஸ்கட் எடுத்ததும் டப்பா மூடிவிடும். விண்ணப்பதாரருக்குக் காபி மட்டும் உண்டு. பிஸ்கட் கொடுத்தால் முடிவு பாதிக்கப்படும் என்பது விதி. கொடுக்கிற குழுவின் முடிவு எப்படிப் பாதிக்கப்படும் என்று இதுவரை எவரும் கேட்டதில்லை.

தலைவி கட்டடக்கலைஞர் திருமதி ஃபான் ஹெக்ஸ்ட். கறுப்பு உடை, வெள்ளைக் கிராப்பு முடி. அவர் ரூலோஃப் கொண்டுவந்த கம்பித் துண்டைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல ஆட்டிவிட்டு, வருத்தத்தோடு மேசையில் வைத்தார்.

"மரத்த எடுத்துக்குங்க மிஸ்டர் டாம்மிங்கா. அதுக்கு வயசாகுது, வெடிக்குது, அழுகுது. அது ஒரு நேர்மை. இரும்பு துருப்பிடிக்குது. அதுவும் ஒரு ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி. அலுமினியம் என்ன பண்ணுது? ஒண்ணுமே பண்ணல. மழைல நிக்குது, வெயில்ல நிக்குது, அம்பது வருஷம் அப்படியே நிக்குது. ஒரு பொருள் இப்படி மாறாம நிக்கறத நான் ஆணவம்னுதான் சொல்லுவேன்."

"அது மாறாதுன்னுதான் மேடம் நான் அத எடுத்தேன்."

"பாத்தீங்களா," என்றார் தலைவி மற்றவர்களைப் பார்த்து.

அவருக்குப் பின்னாலிருந்த சன்னல் சட்டம் அலுமினியம். நாற்காலிக் கால்கள் அலுமினியம். அவர் அணிந்திருந்த மூக்குக்கண்ணாடியின் சட்டமும் அப்படித்தான்.

ரூலோஃப் யெல்லியைப் பற்றிச் சொன்னார். விசில், துண்டு, தபால்காரப் பெண் என்று எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். நிலக்காட்சி ஆலோசகர் ஹிட்டே மெல்லத் தொண்டையைக் கனைத்தார். முப்பத்தைந்து வயதுக்காரர், சிவப்புச் சட்டை, தாடி.

"ரொம்ப உருக்கமா இருக்கு. மனசார சொல்றேன். எங்கம்மாவுக்கும் ஞாபகம் கொஞ்சம் கொறஞ்சுக்கிட்டு வருது. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். குழுவுக்கு அம்மா கிடையாது, மனைவி கிடையாது. குழுவுக்கு இருக்கறது பார்வைக்கோடு மட்டும்தான். கரையில நிக்கறவன் கண்ணு நூற்றுப் பன்னிரண்டு புல்வெளியையும் ஒரே மூச்சுல தடவிட்டுப் போகணும். உங்க வீட்டுக்கிட்ட வந்து அந்தக் கண்ணு தடுக்கி விழுந்துரும்."

"விழுந்தா விழட்டுமே சார். கண்ணுதானே?"

ஹிட்டே அவரைப் பரிவோடு பார்த்தார். யோரிட் குறிப்பேட்டில் 'விண்ணப்பதாரர் உணர்ச்சிவசப்பட்டார்' என்று எழுதினான்.

பொருள் பற்றிய விவாதம் பிறகு தொடரும், முதலில் நிறம் முடிவாகட்டும் என்று தீர்மானித்தார்கள். கறுப்பு என்றால் துக்கம். வெள்ளை என்றால் கூச்சல். பச்சை புல்லாக நடிக்கும். கருஞ்சாம்பல் எல்லோரும் அடிப்பது, அதனால் அதில் சிந்தனை இல்லை. "கால்வாயோட நிறத்துல கொண்டுவாங்க" என்றார் தலைவி.

"எந்த நேரத்து நிறம் மேடம்?"

குழு முதல்முறையாக அவரை மரியாதையோடு பார்த்தது.

மூன்று வாரம், தினம் நாலு வேளை, ரூலோஃப் வண்ணக் கடையில் கொடுத்த அட்டைகளை எடுத்துக்கொண்டு கரையில் நின்றார். தண்ணீர் எந்த அட்டையின் நிறத்தில் இருக்கிறதோ அதன் எண்ணைக் குறித்துக்கொண்டார். காலை வேளைக்கு மட்டும் யெல்லி பக்கத்தில் இருந்தாள், அவர் கையைக் கோத்துக்கொண்டு. "தண்ணி கலங்கலா இருக்கு ரூல். குளோரின் கம்மியா போட்டிருக்கான்," என்பாள். எண்பத்துநாலு குறிப்புகளை அட்டைகளோடு ஒட்டி நவம்பர் கூட்டத்துக்குக் கொண்டுபோனார்.

தலைவி பக்கங்களைப் புரட்டினார். அவர் கண்கள் கலங்கிவிட்டன. "இத நாம இங்கயே வச்சுக்கணும்," என்றார்.

வைத்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் நகராட்சி முகப்புக் கூடத்தில் 'கால்வாயின் எண்பத்துநாலு நிறங்கள்' என்ற கண்காட்சி திறந்தது. ஒயின் கொடுத்தார்கள், பாலாடைக்கட்டித் துண்டுகளில் குட்டிக் கொடிகள் குத்தியிருந்தார்கள். சாதாரணக் குடிமகன் ஒருவன் குழுவின் வழிகாட்டலால் எப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்டான் என்று தலைவி இருபது நிமிஷம் பேசினார். சாதாரணக் குடிமகன் கூட்டத்தின் பின்வரிசையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். வீட்டில் யெல்லியோடு பக்கத்து வீட்டுப் பெண் இருந்தாள், ஏழு மணிவரைதான் இருக்க முடியும் என்றிருந்தாள்.

"ரொம்ப சந்தோஷம் மேடம்," என்றார் ரூலோஃப் பேச்சு முடிந்ததும். "எந்த நிறத்துல வாங்கட்டும்?"

"எண்பத்துநாலு இருக்கும்போது ஒண்ண மட்டும் எடுக்கறது மத்த எண்பத்துமூணுக்குச் செய்யற அநியாயம் இல்லையா?" என்றார் தலைவி. கேள்வி மாதிரி இருந்தாலும் அது தீர்மானம்.

அந்த வாரமே ரூலோஃப் தோட்டத்து நாற்காலிகள் ஆறையும் கரையோரம் வரிசையாக வைத்து, நடுவில் துணி காயப்போடும் கயிற்றைக் கட்டினார். யெல்லி கயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து போனாள். ஆனாலும் குனிய அரை நிமிஷம் ஆனது, அந்த அரை நிமிஷத்தில் ரூலோஃப்பால் சமையலறையிலிருந்து ஓடிவர முடிந்தது. ஒன்பதாம் நாள் பதிவுத்தபால் வந்தது. அனுமதியற்ற தொடர் அமைப்பை ஏழு நாட்களுக்குள் அகற்ற வேண்டும். நாற்காலிகள் ஒன்றையொன்று பார்க்காமல் ஒரே திசையில் போடப்பட்டிருப்பதால் அவை உட்காருவதற்கானவை என்று கருத முடியாது. ரூலோஃப் யோரிட்டுக்குத் தொலைபேசினார்.

"அப்ப ஒண்ணையொண்ணு பாக்கற மாதிரிப் போட்டா?"

"அப்ப அது தளவாடம் சார். தளவாடத்துக்கு அனுமதி வேண்டாம். கயிறு மட்டும் கட்டக் கூடாது."

"கயிறு இல்லாம எதுக்குடா தம்பி நாற்காலி?"

"உக்காரறதுக்கு சார்," என்றான் யோரிட். அவன் கிண்டல் செய்யவில்லை.

டிசம்பர் கூட்டத்தில் வேலிக்குக் கொள்கையளவில் சம்மதம் கிடைத்தது. ரூலோஃப் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். நிபந்தனைகள் இரண்டு என்றார் ஹிட்டே. முள்ளெலி போய்வர அடியில் ஓட்டைகள் வேண்டும். அது சரி என்றார் ரூலோஃப், முள்ளெலி மேல் அவருக்குக் கோபம் எதுவும் இல்லை. இரண்டாவதாக, மூன்று மீட்டருக்கு ஒன்றாகத் தொண்ணூறு சென்டிமீட்டர் அகலத்தில் மூச்சு இடைவெளி விட வேண்டும். அதில் கதவு கூடாது.

"அது வழியா ஆள் போயிரலாமே சார்?"

"அதேதான்!" ஹிட்டேயின் முகம் மலர்ந்தது. "போயிரலாம்ங்கற அந்தச் சாத்தியம் இருக்கு பாருங்க, அதுதான் ஒரு வேலிய மனுஷத்தன்மை உள்ளதா ஆக்குது."

"அவ போயிருவா."

"போகணும்னு கட்டாயம் இல்லையே. அது அவங்க சுதந்திரம். நாங்க யாரு அதத் தடுக்க?"

ரூலோஃப் உட்கார்ந்தார். முப்பத்துநான்கு வருஷத்தில் ஒரு பயணியிடமும் குரல் உயர்த்தாதவர். அன்று, "நீங்க ஒரு தடவ வந்து பாருங்க. வந்து அந்த இடத்துல நின்னு பாத்துட்டு, அப்புறம் இத என்கிட்டச் சொல்லுங்க," என்றார். குரல் உயரத்தான் செய்தது. கள ஆய்வுக்கு நாள் குறித்தார்கள்.

குழு வந்த காலையில் மெல்லிய வெயில் இருந்தது. தலைவி புல்வெளியின் நடுவில் நின்றார். யோரிட் பலகையில் செருகிய தாளோடு பக்கத்தில். ஹிட்டே மட்டும் கரையின் விளிம்புக்கே போய், தண்ணீரைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, "இங்க நின்னா தெரியும். பாருங்க, கண்ணு எங்கயும் நிக்கல! பாருங்க, எவ்வளவு தூரம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். மணி ஒன்பதரை.

எங்கள் நாட்டில் ஐந்தாறு வயதில் எல்லாப் பிள்ளைகளும் நீச்சல் சான்றிதழ் வாங்க வேண்டும். சட்டை, கால்சட்டை, ஷூ எல்லாவற்றோடும் குளத்தில் குதித்து நீந்திக் காட்ட வேண்டும். தவறி விழுகிறவன் உடை மாற்றிக்கொண்டு விழுவதில்லை. விசில் ஊதினால் குதிக்க வேண்டும், யோசிக்கக் கூடாது. அந்த விசிலை யாரும் மறப்பதில்லை. மூளை மறந்தாலும் முழங்கால் மறக்காது.

கண்ணாடிக் கதவு திறந்தது. யெல்லி புல்வெளியில் இறங்கி வந்தாள். கரையில் முதுகைக் காட்டி நிற்கும் சிவப்புச் சட்டையைப் பார்த்தாள்.

"டேய், செவப்புச் சட்டை! அங்க என்ன வேடிக்கை? கைய ஒடம்போட ஒட்டி வை!"

ஹிட்டேயின் கைகள் தாமாக இறங்கி உடம்போடு ஒட்டிக்கொண்டன.

விசில் ஊதியது. நிலக்காட்சி ஆலோசகர் குதித்தார்.

தண்ணீர் மார்பளவுதான். ஆனால் டிசம்பர் தண்ணீர். தலையைத் தூக்கியவரின் தாடியில் பாசி தொங்கியது. வாய் திறந்து திறந்து மூடியது. "கால உதைடா! உதை! தலைய மேல வச்சுக்கோ!" என்று யெல்லி கரையில் அவர் கூடவே நடந்தாள். அவர் உதைத்தார். ரூலோஃப்பும் யோரிட்டும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். யெல்லி குனிந்து தன் துண்டை அவர் தோளில் போட்டு, ஈரத்தலையைத் தடவி, "பாஸு. ஆனா அம்மாவ அழைச்சுக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும், என்ன?" என்றாள்.

ஹிட்டே தலையாட்டினார். அந்தச் சமயத்தில் அவர் ஒரு நல்ல மனிதராகத் தெரிந்தார். மறுவாரம் வந்த கூட்டக் குறிப்பில் 'உறுப்பினர் ஒருவர் நீர்ப்பரப்பின் தன்மையை நேரடியாக ஆராய்ந்தார்' என்றிருந்தது. கீழே இன்னொரு வரி. 'கரை அபாயகரமானது எனத் தெரியவருவதால் தக்க ஏற்பாட்டுடன் மறு ஆய்வு செய்யப்படும்.'

ரூலோஃப் அந்த வரியை இரண்டுமுறை படித்தார். பிறகு யெல்லிக்கும் படித்துக் காட்டினார். "அபாயம்னு ஒத்துக்கிட்டாங்க யெல்லி," என்றார். ஆறு வாரம் காத்திருந்தார். ஆறு வாரமும் காலை ஒன்பதரைக்கு அவர் எங்கேயும் போகவில்லை, குளிக்கவில்லை, தொலைபேசியை எடுக்கவில்லை.

பிப்ரவரியில், மறு ஆய்வு நாளன்று, எட்டரைக்கே நகராட்சி வண்டி ஒன்று வந்தது. ஆட்கள் இரண்டு பேர் இறங்கினார்கள். இரும்புக் கழிகளைக் கரையோரம் அடித்தார்கள். ஆரஞ்சு நிற வலையைச் சுருளிலிருந்து விரித்து, கழிக்குக் கழி இழுத்துக் கட்டினார்கள். மார்பளவு உயரம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, இடைவெளி இல்லாமல். எல்லாம் பத்து நிமிஷம்.

ரூலோஃப் வெளியே வந்தார். "இது என்னப்பா?"

"வலைண்ணே. குழு வருதில்ல? தண்ணிக்கு ஒன்றரை மீட்டருக்குள்ள நகராட்சி ஆளுங்க நின்னா தடுப்பு போடணும். சட்டம்."

"இதுக்கு அனுமதி எப்ப வாங்குனீங்க?"

அந்த ஆள் சிரித்துவிட்டான். "பாதுகாப்புக்கு யாருண்ணே அனுமதி கேப்பாங்க?"

ஒன்பதரைக்குக் கண்ணாடிக் கதவு திறந்தது. ரூலோஃப் ஓடவில்லை. எதற்கென்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றார். யெல்லி புல்வெளியைக் கடந்து வலைவரை போனாள். வலையில் கைவைத்தாள். இந்தப் பக்கம் கொஞ்சம் நடந்தாள், அந்தப் பக்கம் கொஞ்சம் நடந்தாள். வலைக்கு அப்பால் கால்வாயின் மேல் மெல்லிய பனித்தட்டு மூடியிருந்தது. திரும்பினாள்.

"இன்னிக்குக் குளம் லீவா ரூல்?"

"ஆமா. லீவு."

"முன்னாடியே சொல்றதில்லையா? சரி, வா, காபி போடு," என்று உள்ளே போய்விட்டாள்.

ரூலோஃப் காபி போட்டார். அளவு தப்பிப்போய் எட்டுப் பேருக்குப் போட்டார். ஐந்து மாதத்தில் முதல்முறையாகச் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குடித்தார்.

பத்து மணிக்குக் குழு வந்தது. உறுப்பினர்கள் வலையின் இந்தப் பக்கம் பத்திரமாக நின்று, அதன் மேல் கைகளை ஊன்றிக்கொண்டு, கால்வாயைப் பார்த்தார்கள். ஹிட்டே தலைவிக்குப் பின்னால் நின்றார். அவ்வப்போது வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். முக்கால் மணிநேரம் பார்த்தபின் தலைவி பேசினார். மரங்கள் இலையில்லாமல் இருக்கும்போது காட்சியைப் பற்றி நேர்மையாக முடிவெடுக்க முடியாது. மே மாதம் இலை வரும். அப்போது மீண்டும் கூடலாம். அதுவரைக்கும் ஒரு செடிவேலியை நட்டு வைப்பது பற்றி விண்ணப்பதாரர் யோசிக்கலாம், ஆறு வருஷத்தில் இடுப்பளவு வந்துவிடும்.

"மேடம்," என்றார் ரூலோஃப். "நீங்க சாஞ்சு நிக்கறது வேலிதானே?"

தலைவி கையை எடுத்துக்கொண்டு வலையைப் பார்த்தார். அதுவரை அவர் அதைக் கவனித்திருக்கவில்லை.

"இது வேலி இல்ல மிஸ்டர் டாம்மிங்கா. இது நடைமுறை. இதுக்கு வடிவமே கிடையாது. வடிவம் இல்லாததப் பத்தி குழு எப்படிக் கருத்து சொல்லும்?"

"பார்வைக்கோட்ட மறைக்குதே."

"ஒரு மணிநேரத்துக்குத்தானே? தற்காலிகமான அசிங்கத்த இந்தக் குழு எப்பவுமே பொறுத்துக்கும். அதுல நாங்க ரொம்ப தாராளம்." அவர் கையுறையை மாட்டிக்கொண்டார். யோரிட் தாளில் நேரத்தைக் குறித்தான். பிறகு ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தான்.

அவர்கள் ஒரு கோடியிலிருந்து முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார்கள். ஒருவன் கழிகளைப் பிடுங்கினான், மற்றவன் வலையைச் சுருட்டிக்கொண்டே வந்தான். பாதிக் கரை திறந்துவிட்டது. குழு வாசலை நோக்கி நடந்தது. ரூலோஃப் புல்வெளியைக் குறுக்கே கடந்து ஓடினார். வயதுக்கு மீறிய ஓட்டம். தலைவிக்கு முன்னால் போய் நின்றபோது மூச்சு வாங்கியது.

"மேடம், வேலி வேணாம். விண்ணப்பத்த நான் திரும்ப வாங்கிக்கறேன். கம்பி வேணாம், நிறம் வேணாம், ஒண்ணும் வேணாம். ராத்திரி இன்னும் உறையும்னு சொல்றாங்க. காலைல ஒன்பதரைக்கு அவ வருவா. அந்த வலைய மட்டும், அது இருக்கற மாதிரியே, இங்கயே விட்டுட்டுப் போறீங்களா?"